வழுக்கைத் தலையில் ஒரு ஈ

"பதினோரு நாளாக் காணாமப் போன ஒரே ஒரு ஈயை, நானூறு பேர் உட்கார்ந்திருந்த கூடத்துல, துறைத்தலைவரோட வழுக்கைத் தலையிலேர்ந்து உயிரோட பிடிச்சவன்மா நான். அவருக்கே தெரியாம!"

ஊசி குத்த நரம்பு தேடிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். மூச்சு வாங்க மூக்கில் குழாய், நெஞ்சில் நாலு ஒயர். இந்த நிலையில் இருக்கும் மனிதர்கள் சாதாரணமாகத் தண்ணீர் கேட்பார்கள், இல்லையென்றால் கடவுளைக் கூப்பிடுவார்கள். இவர் ஈ பிடித்ததைச் சொல்கிறார்.

"ஈயா சார்? எதுக்கு?"

"நல்லாக் கேட்டே போ! அது சாதா ஈ இல்லை. பழ ஈ. எள்ளு சைஸ்தான் இருக்கும். விளக்கைப் போட்டா எந்தப் பழ ஈயும் வெளிச்சத்தைப் பார்த்து ஓடும். இது மட்டும் கல்யாணத்துல கடன்காரனைப் பார்த்த மாதிரி அப்படியே பின்னாடி நடந்து போகும். கோடி ஈயில ஒண்ணு. அதை ஒரு கண்ணாடிக் குழாயில தனியாப் போட்டு வெச்சா, தப்பிச்சிடுச்சு."

"எப்படி?"

"புயல்! ஜன்னல் கதவு பிய்ச்சுக்கிட்டுப் போய் அடுத்த தெருவுல விழுந்துச்சு."

கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த மகள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "போன வாரம் பூனைன்னீங்க."

"பூனையும் வந்துச்சு. புயலுக்குப் பயந்து."

நர்ஸ் சிரித்த சிரிப்பில் நரம்பு கிடைத்துவிட்டது. அவள் போனதும் மகள் போர்வையை இழுத்துவிட்டாள். இந்தக் கதையை அவள் குறைந்தது ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பாள். பள்ளி விழாவில் கேட்டாள், பல் டாக்டரின் வரவேற்பறையில் கேட்டாள், தன் கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டார் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் ஈ அதே ஈ, தலை அதே தலை. தப்பித்த காரணம்தான் மாறும். புயல், பூனை, நில அதிர்ச்சி, மந்திரி போட்ட தும்மல். காரணம் மாறுகிற கதை பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று பத்து வயதிலேயே அவள் தீர்மானித்துவிட்டாள். வளர்ந்து, ஒரு மருந்துக்கடையின் பொறுப்பில் பதினெட்டு வருடமாக இருக்கிறாள். ஒரு மில்லிகிராம் கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்புகிறவள். அப்பா அவளைக் கூப்பிடுவதே "லேபிள்" என்றுதான்.

"லேபிள்."

"சொல்லுங்கப்பா."

"டாக்டர் வெளியில உன்கிட்ட என்ன சொன்னார்னு எனக்குத் தெரியும். முகத்துலயே ஒட்டியிருக்கு. துறையில ஒரு கூட்டம் வைப்பாங்க. எல்லாரும் 'அன்னார்', 'ஆன்றோர்'னு ஆரம்பிப்பானுங்க. நீ எழுந்து இந்த ஈக் கதையைச் சொல்லிடு."

"அப்பா, வேற எது வேணா சொல்றேன். உங்க ஆராய்ச்சியைப் பத்திச் சொல்றேன். நடக்காததை மைக்ல சொல்லச் சொல்லாதீங்க. உங்ககூட ஈ எண்ணின அந்த 'எத்தனை' மாமா வேற, இது பொய்னு சொல்ல முதல் வரிசையில உட்கார்ந்திருப்பார்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். "ஆமா. அவன் இருப்பான்."

அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. எதையும் பத்து மடங்காக்கிச் சொல்கிறவர், இதை ஒரே தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டார். டிரிப்ஸ் பாட்டிலை நர்ஸ் மாற்றியபோது மணி நாலு. பழக்கதோஷத்தில் மகள் அதன் லேபிளைப் படித்தாள்: அளவு, தேதி, தொகுதி எண். படித்து முடித்துத் திரும்பியபோது அப்பாவின் மூச்சு நின்றிருந்தது.

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்தால் அத்தை வந்து சேர்ந்திருந்தார். அப்பாவின் அக்கா. எண்பத்திரண்டு வயது, சுருங்கிய உடம்பு, சுருங்காத வாய். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "பொறக்கும்போதே 'நான் ரெட்டைப் புள்ளை'ன்னு சொல்லிட்டுத்தான் உங்கப்பன் பொறந்தான்" என்றார். "ஒத்தையாத்தான் வந்தான். ஆனா பேச்சு ரெண்டு பேருக்கு இருந்துச்சு."

மாலை முழுக்க தொலைபேசி. துறைத்தலைவி பேசினாள். அப்பாவின் கடைசி மாணவி. இப்போது அப்பாவின் பழைய நாற்காலி அவளுடையது. மறுநாள் காலை பதினோரு மணிக்குச் சவப்பெட்டியைத் துறையின் கருத்தரங்கக் கூடத்துக்குக் கொண்டுவரலாம், அங்கிருந்து நேராகச் சுடுகாட்டுக்குப் போய்விடலாம் என்றாள். "அக்கா, நீங்களும் அஞ்சு நிமிஷம் பேசணும். சார் எங்ககிட்டயும் சொல்லி வெச்சிருக்கார்."

"என்ன பேசறதுன்னு…"

"அந்த ஈக் கதைதான் அக்கா. யாருமே நம்பலை. ஆனா அது இல்லாம சாரை எப்படி அனுப்பறது?"

அடுத்து வந்த அழைப்பு எத்தனை மாமாவுடையது. அவருக்கு அந்தப் பெயர் வந்த கதை ஊரறிந்தது. உலகத்தின் எந்த மூலையிலிருந்து யார் வந்து என்ன கண்டுபிடிப்பைச் சொன்னாலும் முதல் கேள்வி அவருடையது: "எத்தனை ஈ?" ஐம்பது என்றால் உதட்டைப் பிதுக்குவார். ஐந்நூறு என்றால் "பரவாயில்லை" என்பார். பட்டாணிச் செடிகளை எண்ணி மரபியல் என்ற இந்தத் துறைக்கே பிள்ளையார் சுழி போட்ட அந்தத் துறவியையே அவர் விட்டதில்லை. "எண்ணிக்கை ரொம்ப அழகா வந்திருக்கு, அதான் இடிக்குது" என்பார். அவரும் அப்பாவும் முப்பது வருடத்துக்கு மேல் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஈ எண்ணியவர்கள். மற்றவர்கள் அப்பாவின் கதையை நம்பாமல் சிரித்துவிட்டுப் போவார்கள். "அப்படி ஒண்ணு நடக்கவே இல்லை" என்று எழுந்து நின்று சொன்னவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான்.

தொலைபேசியில் "சாப்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். பிறகு வைத்துவிட்டார்.

காலையில் அப்பாவின் அலமாரியைத் திறந்தாள். ஆராய்ச்சியைப் பற்றி நாலு உண்மையாவது எடுத்துக்கொண்டு போகலாம் என்ற எண்ணம். நாற்பது குறிப்பேடுகள் வருட வரிசையில் இருந்தன. சின்ன வயதில் தொடவே கூடாது என்று சொல்லப்பட்டவை. முதலாவதைப் பிரித்துத் தரையில் உட்கார்ந்தவள், அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை.

இது யாருடைய கையெழுத்து? அப்பாவுடையதுதான். ஆனால் அப்பாவைக் காணோம். சாப்பாட்டு மேஜையில் ஒரு தக்காளியைப் பூசணிக்காய் ஆக்கும் மனிதர், இங்கே பென்சிலால் எழுதியிருந்தார்: "சிவப்புக் கண் 211. வெள்ளைக் கண் 68. மறுபடி எண்ணினேன். 69. முதல் எண்ணிக்கை தவறு." இன்னொரு பக்கத்தில்: "எதிர்பார்த்தது வரவில்லை. காரணம் தெரியவில்லை." அடுத்த பக்கத்தில்: "இன்னும் தெரியவில்லை." ஒரு வருடம் முழுக்க அப்படியே போயிற்று. "தெரியவில்லை" என்ற சொல்லை இத்தனை நிதானமாக, இத்தனை தடவை, ஒரு அடித்தல்கூட இல்லாமல் எழுதிய ஒரு மனிதருடன்தான் அவள் இத்தனை வருடம் குடியிருந்தாள். மருந்துக்கடையில் அவளே சில நாள் கடைசி இலக்கத்தைக் கண்ணால் தாண்டிப் போனதுண்டு. அவர் ஒரு நாளும் போகவில்லை.

ஏழாவது வருடக் குறிப்பேட்டில் அந்த ஈ இருந்தது.

"ஒற்றை ஆண். ஒளியிலிருந்து பின்னோக்கி நடக்கிறது. தனிக்குழாய்." அடுத்த வரி: "மாலை 5. குழாயில் ஈ இல்லை. குழாய் வாயில் அடைத்த பஞ்சு தளர்வு." அவ்வளவுதான். புயல் இல்லை, பூனை இல்லை.

பிறகு பதினோரு நாட்கள். ஜன்னல் விளிம்புகளில் எல்லாம் வாழைப்பழத் துண்டு வைத்து, வந்து உட்கார்ந்த ஒவ்வொரு ஈயையும் பிடித்து, விளக்கடியில் விட்டுப் பார்த்திருக்கிறார். "இன்று 43. எதுவும் அது அல்ல." "இன்று 71. எதுவும் அது அல்ல." எட்டாம் நாள் காய்ச்சல். "இன்று 12. எதுவும் அது அல்ல."

பதினோராம் நாள்: "பிற்பகல் 3.20. கருத்தரங்கக் கூடம். கூட்டத்தில் 26 பேர். தலைவரின் தலை. ஆண். பின்னோக்கி நடக்கிறது. உயிருடன்."

அவள் அந்த வரியை மூன்று தடவை படித்தாள்.

"என்னடி, பேயைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருக்கே?" என்று அத்தை எட்டிப் பார்த்தார்.

"நிஜமாவே பிடிச்சிருக்கார் அத்தை."

"யாரை?"

"ஈயை."

"ஐயோ, உனக்கும் வந்துடுச்சா!"

பக்கத்தின் அடியில் அந்தக் குழாயின் லேபிள் ஒட்டப்பட்டிருந்தது. பழுத்துப்போன சின்னத் துண்டு. தேதி, குழாய் எண். வலது கீழ் மூலை இல்லை. கிழியவில்லை, பிளேடால் நேராக நறுக்கப்பட்டிருந்தது. மற்ற பக்கங்களைப் புரட்டினாள். எல்லா லேபிள்களிலும் அந்த மூலையில் ஒரு கையொப்பம் இருந்தது. அவள் கடையிலும் அதே வழக்கம்தான்: பாட்டிலை மூடியது யாரோ, அவர் கையொப்பமிட வேண்டும். லேபிள் படிக்கிறவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பஞ்சை அடைத்தது யார் என்பது மட்டும் அந்த அலமாரியில் எங்கும் இல்லை.

கூடம் நிரம்பியிருந்தது. கரும்பலகைக்கு முன்னால் பெட்டி, அதன்மேல் யாரோ வைத்த வெள்ளைப் பூக்கள். நடைவழியெல்லாம் ஆட்கள். ஆய்வகத்தில் ஈ உணவு காய்ச்சுகிறவர், கண்ணாடிக் குழாய் கழுவுகிறவர், நரைத்த பேராசிரியர்கள், பத்து மணி நேரம் பயணம் செய்து வந்த ஒரு பெண். அந்தப் பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. ஒரு தபால் அட்டை போட்டேன், அந்த ஈயோட வம்சத்துல கொஞ்சம் வேணும்னு. நாலாம் நாள் வந்து சேர்ந்துச்சு. கூட ஒரு சீட்டு: 'ராத்திரி குளிரும், சட்டைப் பையில வெச்சுக்கோ.'"

ஈக்காரர்களின் குலவழக்கம் அது. கேட்டால் கொடுத்துவிட வேண்டும். எதிராளியானாலும், நாளைக்கு உன்னை முந்திக்கொண்டு கட்டுரை எழுதப்போகிறவனானாலும், குழாயில் போட்டுத் தபாலில் அனுப்பிவிட வேண்டும். அந்தப் பின்னோக்கி நடக்கும் ஈயின் வம்சத்துக்கு அப்பா "வாபஸ்" என்று பெயர் வைத்தார். அதிலிருந்துதான், கால்களுக்கு "முன்னே போ" என்று நரம்பு சொல்லும் வழியைக் கண்டுபிடித்தார்கள். நடை வராத குழந்தைகளுக்கு மருந்து தேடுகிறவர்கள் இன்றைக்கும் அந்த வழியில்தான் தேடுகிறார்கள். ஐம்பது நாடுகளில் வாபஸ் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை புதுக் குழாய்க்கு மாற்றி மாற்றி, ஆயிரம் தலைமுறை ஆகிவிட்டது. எந்த ராஜவம்சத்துக்கு இந்தக் கொடுப்பினை உண்டு?

முதல் வரிசையில் எத்தனை மாமா தனியாக உட்கார்ந்திருந்தார். மகள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பாப்பா," என்றார் அவர், பெட்டியைப் பார்த்தபடியே. "நீ அந்தக் கதையைச் சொல்லப் போறியா?"

"சொல்லணும் மாமா."

"சொன்னா நான் எழுந்திருக்க வேண்டியிருக்கும். நாற்பது வருஷமா எழுந்திருக்கேன். இன்னிக்கு மட்டும் உட்கார்ந்திருந்தா தப்பாகிடும். அந்த ஈ தப்பிக்கவே இல்லைம்மா. குழாயிலதான் இருந்துச்சு. மத்தது எல்லாம் அவனோட வாய்."

அப்பாவின் பெட்டிக்கு முன்னால், இந்தக் கூட்டத்தில், அப்பாவைப் பொய்யர் என்று இவர் எழுந்து சொல்லப்போகிறார். அவள் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள். "நீங்களே பாருங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. லேபிளில் வந்து நின்றது. அந்த நறுக்கிய மூலையை அவருடைய கட்டைவிரல் தடவியது. ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை.

"இதை… இப்படி வெட்டினது யாரு?"

"அப்பாதான் மாமா. இந்தப் புத்தகத்துல வேற யாரு கை வைப்பாங்க?"

"எப்போ?"

"தெரியலை. வெட்டின இடமும் பழுத்திருக்கு. அப்பவே இருக்கும்."

அவர் புத்தகத்தை மூடினார். மூடி, மடியிலேயே வைத்துக்கொண்டார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு மேஜையில் இரண்டு பேர். குழாயில் பஞ்சை அடைத்தது அப்பா இல்லையென்றால் யார் என்பதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

துறைத்தலைவி மைக்கில் அவளைக் கூப்பிட்டாள்.

மேடைக்கு நாலே படிகள். அவளுக்கு நாற்பதாகத் தெரிந்தது.

"எங்கப்பா என்னை 'லேபிள்'னு கூப்பிடுவார்" என்று ஆரம்பித்தாள். "எதுல என்ன எழுதியிருக்கோ அதை மட்டும் நம்புவேன்னு. அவர் சொன்ன எதையும் நான் நம்பினதில்லை. இன்னிக்குக் காலையில அவரோட குறிப்பேட்டைப் படிச்சேன். அதுல ஒரு பொய்கூட இல்லை. ஒரு இடத்துலகூட, ஒரு ஈயைக்கூட, கூட்டிச் சொல்லலை. பட்டாணி எண்ணின துறவியோட கட்டுரையை முப்பது வருஷத்துக்கு மேல யாருமே சீந்தலைன்னு அப்பா அடிக்கடி சொல்வார். 'ஏன் தெரியுமா? அந்தாளுக்குக் கதை சொல்லத் தெரியலை'ம்பார். அதனால இவர் எண்ணிக்கையை உள்ளே வெச்சுப் பூட்டிட்டு, நமக்கெல்லாம் கதையைக் கொடுத்தார்."

பின் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அவள் சொன்னாள். கோடியில் ஒன்றான ஈயைச் சொன்னாள். வாழைப்பழத் துண்டுகளையும் காய்ச்சலையும் சொன்னாள். மாணவர்கள் "முழுநிலா" என்று கூப்பிட்ட அந்தக் காலத்துத் தலைவர் இதே மேடையில் சுவரில் படம் காட்டும் படவிளக்குக்கு முன்னால் குனிய, அந்தப் பளபளப்பில் எள்ளளவு ஒன்று பின்னோக்கி நடந்ததைச் சொன்னாள். "சார், தலையில சாக்பீஸ்" என்று அப்பா மேடையேறி, துடைக்கிற சாக்கில் கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்ததைச் சொன்னாள். கூடமே குலுங்கிற்று.

"ஆனா அந்த ஈ முதல்ல எப்படித் தப்பிச்சுதுன்னு கேட்பீங்க" என்றாள்.

கேட்டவர்கள் யாரும் இல்லை. முதல் வரிசையில் எத்தனை மாமா குறிப்பேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தார். முகம் சாம்பலாகிவிட்டது. பதினெட்டு வருடத்தில் ஒரு மில்லிகிராம் கூட்டாதவள், மைக்கைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு ஒரு போர் விமானம் வந்துச்சு" என்றாள். "இந்தக் கட்டடத்தோட மொட்டைமாடியில காயப்போட்டிருந்த ஆய்வகக் கோட்டெல்லாம் இறக்கையில மாட்டிக்கிச்சுன்னா எவ்வளவு தாழப் பறந்திருக்கும் பாருங்க. அந்தச் சத்தத்துல நாலாயிரம் குழாயோட பஞ்சும் ஒரே நேரத்துல எகிறி, கூரையில ஒட்டிக்கிச்சு. யாரு என்ன பண்ண முடியும்? யார் மேலயும் தப்பு இல்லை."

கூடத்தில் சிரிப்பு வெடித்தது. அத்தை "அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்கா!" என்று சத்தமாகவே சொன்னார். துறைத்தலைவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் எத்தனை மாமா எழுந்தார்.

"வந்துட்டார்யா!" என்றது ஒரு குரல். "எத்தனை விமானம்னு கேளுங்க சார்!"

அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். ஒரு கை நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது. மைக் இல்லாமலேயே பேசினார். பேராசிரியர்களுக்கு மைக் எதற்கு?

"விமானம் எதுவும் வரலை" என்றார். "பஞ்சை அடைச்சது நான். டீ குடிக்கப் போற அவசரத்துல பாதிதான் அடைச்சேன். எனக்கு அப்போ மூணு மாசத் தற்காலிக வேலை. முழுநிலாவுக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்குச் சாயந்திரமே வெளியில அனுப்பியிருப்பார். நான் வாயைத் திறக்கலை. அவனும் என்னைக் கேட்கவே இல்லை. என் கையெழுத்துப் போட்ட லேபிளை வெச்சிருக்கான், என்னிக்காவது எடுத்துக் காட்டுவான்னு நாற்பது வருஷமா பயந்துக்கிட்டிருந்தேன். ஈயே தப்பிக்கலைன்னா யாரும் யாரையும் கேட்க மாட்டாங்க இல்லையா? அதான் எழுந்து எழுந்து அப்படிச் சொன்னேன்."

அவர் குறிப்பேட்டை நாற்காலியில் வைத்தார்.

"அன்னிக்குப் படவிளக்கை இயக்கினதும் நான்தான். அந்தா, அந்த மூலையில நின்னேன். அவன் சொன்னது அத்தனையும் நடந்துச்சு. குழாயை எடுத்துப் பையில போட்டுக்கிட்டுத் திரும்பினவன், நேரா என்னைப் பார்த்தான். பார்த்து, ஒரு கண்ணைச் சிமிட்டினான்." அவர் பெட்டியைப் பார்த்தார். "அதை மட்டும் அவன் எந்தக் கூட்டத்துலயும் சொன்னதில்லை."